கை தூக்கி நின்ற நேரம்

மூன்று நிமிஷம்தானே என்று நினைத்துத்தான் தியாகேசன் இரண்டு கையையும் தூக்கினான். மூன்று நிமிஷமெல்லாம் ஒரு நேரமா, முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற கூட்டம் அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் பேசியே அரை நாளை ஓட்டிவிடும், இருபது வருஷத்துக்கு மேல் ஜவுளிக்கடையில் நின்றே தேய்ந்த காலுக்கும் தூக்கியே பழகிய கைக்கும் இது எந்த மூலைக்கு. டாக்டரம்மா தானே செய்து காட்டினாள். முழங்கையை மடக்கி, தோள் மட்டத்துக்கு ஏற்றி, உள்ளங்கை முன்னால் தெரிய வைத்துக்கொண்டு விரல்களை மெதுவாக மூடித் திறக்க வேண்டும், மூடித் திறக்க வேண்டும், அவ்வளவுதான். "மரத்துப்போனா, வலிச்சா, இறக்கிடுங்க. எப்ப இறக்குறீங்கன்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட். இது பரீட்சை இல்ல, பாஸ் பண்றதுக்கு" என்றாள். சரிங்க மேடம் என்று தலையாட்டினான். தலையாட்டுவதில் ஆளை அடித்துக்கொள்ள முடியாது. ஆட்டிவிட்டு, பாஸ் பண்ணியே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஏனென்றால் இந்த இடது கை கீழே விழுந்தால் அரசி வர மாட்டாள். அவன் மண்டைக்குள் ஓடின கணக்கு அது ஒன்றுதான்.

அரசி என்றால் அவன் பெண்டாட்டி மங்கையர்க்கரசி. குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் போய் ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தக் காகிதம், அது முடிந்தால் இன்னொரு காகிதம், அதுவும் முடிந்து இன்னொன்று. இந்த மாசத்தோடு அதுவும் தீர்ந்துபோகிறது. மறுபடி கையெழுத்துப் போடுகிறாளா, இல்லை ஊருக்கு டிக்கெட் எடுக்கிறாளா என்று இன்றைக்கு அந்த வீட்டு மேடத்துக்குச் சொல்லியாக வேண்டும். வீடு கட்டத்தான் போனாள். வீடு முடிந்துவிட்டது, திருச்சிக்கு வெளியே, பெருமாள் கோயிலுக்குப் பின்னால், இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி. நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தபோது அஸ்திவாரத்துக்குப் பள்ளம்தான் வெட்டியிருந்தது, அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நின்று இதுதாங்க அடுப்படி என்று காட்டினாள். பிறகு சுவர் எழும்பினதையும் டைல்ஸ் ஒட்டினதையும் போனில்தான் பார்த்தாள். ஒரு ராத்திரிகூட அந்த வீட்டில் அவள் படுத்தது கிடையாது. இனிமேல் அவள் சம்பாதித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை, இவன் பட்டு செக்‌ஷன் சம்பளத்திலேயே ஓட்டிவிடலாம். ஓட்டலாம், கை இருந்தால். மேல் ரேக்கிலிருந்து புடவையை இழுக்க, ஒரே உதறில் விரிக்க, தோளில் போட்டுக் காட்ட, எல்லாவற்றுக்கும் கை வேண்டும். கை சரியில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் கீழே துண்டு, உள்பாவாடைப் பக்கம் தள்ளிவிடுவார்கள், அதுவும் முதலாளிக்கு மனசிருந்தால். அரசி காதில் அது விழுந்தால் போதும், ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்தைப் போட்டுவிட்டு இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே கிடப்பாள். அவள் அந்த மாதிரி ஆள். அதனால் கை கீழே வரக் கூடாது.

மூடித் திற. மூடித் திற. சுவரில் விளக்குப் பெட்டிக்கு முன்னால் அவனுடைய எக்ஸ்ரே தொங்கிக்கொண்டிருந்தது, கழுத்தும் தோளும் வெள்ளை வெள்ளையாக. டாக்டரம்மா பேனா நுனியால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டியிருந்தாள். எல்லாருக்கும் விலா எலும்பு நெஞ்சில்தான் ஆரம்பிக்கும், உங்களுக்குக் கழுத்திலேயே சின்னதாக ஒன்று கூடுதலாக இருக்கிறது, இடது பக்கம் மட்டும், பிறக்கும்போதே. கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகிற காறை எலும்புக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு சந்து, கைக்குப் போகிற நரம்பும் ரத்தக் குழாயும் அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும், உங்களுக்கு அந்தச் சந்தே குறுகல், அதிலும் கையைத் தூக்கினால் இன்னும் நெரிக்கிறது. நாற்பத்தாறு வருஷமாகத் தனக்குள் ஒரு எலும்பு வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது என்பது தியாகேசனுக்கு வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையை யாரிடம் சொல்வது, சொன்னால் அரசியிடம்தான் சொல்ல வேண்டும், அவள்தான் இதற்கெல்லாம் சிரிப்பாள், வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள், ஆனால் அவளிடம் சொல்லக் கூடாத விஷயமாகப் போய்விட்டதே இது. ஆறு வருஷத்தில் அவன் சொல்லாமல் வைத்திருந்த சிரிப்பே ஒரு மூட்டை தேறும். சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்தது. எறும்பு இல்லை, தெரியும், அதுதான் ஆரம்பம். சுண்டுவிரல், பிறகு மோதிர விரல், பிறகு முழங்கை வரைக்கும் ஒரு கோடு. மூடித் திற.

கையைத் தூக்கச் சொல்வதற்கு முன்னால் டாக்டரம்மா கேள்வியாகக் கேட்டுத் துளைத்திருந்தாள். இந்தத் தொந்தரவு யாருக்கு வரும் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, அதில் இவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறாள். எப்போதாவது விழுந்து காறை எலும்பு உடைந்ததா என்று கேட்டாள். இல்லைங்க மேடம் என்று ஒரே போடாகப் போட்டான். பொய். கல்யாணமான புதிதில், கொள்ளிடம் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில், அரசியைக் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு போனபோது மணல் லாரிக்கு ஒதுங்கி சைக்கிளோடு சாய்ந்தானே, அது என்ன. அவளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை, எழுந்து நின்று முதலில் சிரித்தாள், இவன் எழுந்திருக்காததைப் பார்த்ததும் அழுதாள். எலும்பு கட்டுகிறவர் பச்சிலையை அரைத்துப் போட்டு மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். இடது கை கட்டில், வலது கை நன்றாகத்தான் இருந்தது, சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்டிருக்கலாம், ஆனால் அவள் ஊட்டிவிட்டாள். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, உருட்டி உருட்டி. வலது கைக்கு என்ன கேடு என்று அவளும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் ஒரு வாரம் வலிக்கிறது என்று இழுத்தடித்தான். அந்த விரல்கள் உதட்டில் படும்போது லேசாக மிளகு வாசம் அடிக்கும். இப்போது அந்த விரல்கள் யாரோ ஊர்ப் பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டுகின்றன. பிள்ளைகள் மேல் அவனுக்குக் கோபமெல்லாம் இல்லை, இவனுக்கும் அவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை, அவள் கை யாருக்காவது ஊட்டட்டும். ஆனாலும் பொறாமையாக இருந்தது. நாற்பத்தாறு வயசு ஆம்பளைக்கு நாலு வயசுப் பிள்ளையின் மேல் பொறாமை, வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். மேல்கை கனக்க ஆரம்பித்தது.

"தோள்ல எதாவது பாரம் தூக்குற வேலையா?" என்று அடுத்துக் கேட்டாள். பாரமெல்லாம் இல்லைங்க, புடவைதான் என்றான். அவள் சிரித்தாள். அவளுக்கு எங்கே தெரியும், பட்டுப்புடவை எடுக்க அவள் போகிற கடையில் ஆம்பளை ஒருத்தன் அதைத் தன் இடது தோளில் போட்டு, கொசுவம் மடித்து, முந்தானையைக் கை மேல் விரித்துக் காட்டியிருப்பானே, அவன் முகம் அவளுக்கு ஞாபகம் இருக்காது, புடவைதான் ஞாபகம் இருக்கும். அப்படி இருந்தால்தான் அவன் நல்ல சேல்ஸ்மேன். ஒரு கல்யாணக் கூட்டம் வந்தால் நாற்பது புடவை தோளில் ஏறும், ஜரிகை போட்ட கனத்த புடவை, ஏறி இறங்கும், இடது கை மேல் ரேக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும், வலது கை இவன் மேலேயே மடிப்புப் பிடித்துக்கொண்டிருக்கும். கல்யாணப் பெண் எதிரே நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், இவனை இல்லை, இவன் இருக்கிற இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பாள். எத்தனை பெண்களுக்கு அவன் கண்ணாடியாக நின்றிருக்கிறான். அரசிக்கு நின்றதில்லை. அவர்கள் கல்யாணப் புடவையை அவன் அக்காதான் போய் எடுத்துக்கொண்டு வந்தாள், இவன் அப்போது ஜவுளிக்கடைப் பக்கமே வரவில்லை. போன வருஷம் ஒரு புடவை வந்தது, மயில் கழுத்துக் கலர், உடம்பில் பூப் புட்டா இல்லாமல் கரை மட்டும். கடைக்கு யாரும் வராத மத்தியான நேரம். அதை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றான். கண்ணாடியில் தெரிந்தது தன் மீசைதான், ஆனால் அவள் மாநிறத்துக்கு அந்தக் கலர் எப்படி எடுக்கும் என்று அவனுக்கு அப்படியே தெரிந்தது, கழுத்துப் பக்கம் தெரிந்தது, மயிர்க்கற்றை ஒன்று ஒதுங்குகிற இடம் தெரிந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கை மரத்தது, புடவையைக் கீழே போட்டுவிட்டான், பட்டுப்புடவை தரையில் விழுந்தால் சூப்பர்வைசர் கண்ணாலேயே எரித்துவிடுவார். கை மரத்ததாலா விழுந்தது, நெஞ்சு அடைத்ததாலா என்று இன்னும் தெரியவில்லை.

"பாதி நேரம் ஆச்சு" என்றாள் டாக்டரம்மா. "எப்படி இருக்கு?" நல்லா இருக்குங்க என்றான். நன்றாக எங்கே இருக்கிறது, முழங்கைக்குக் கீழே கை இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகமாக இருந்தது, மூடு என்றால் மூடுகிறது, ஆனால் யாரோ வேறொருத்தர் கை மூடுகிற மாதிரி. வலது உள்ளங்கை சிவப்பாக இருந்தது, இடது வெளுத்துச் சுண்ணாம்பாகியிருந்தது. இருந்தும் முகத்தில் அந்தச் சிரிப்பை விடவில்லை. அது கடைச் சிரிப்பு. கடையில் சேர்ந்த அன்றைக்கே மூத்த சேல்ஸ்மேன் கோதண்டம் இரண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, நீ நெட்டையன், வாடிக்கையாளர் முன்னால் நிமிர்ந்து நின்றால் அவர்களைக் கீழே பார்க்கிற மாதிரி இருக்கும், தோளைத் தொங்கப்போட்டுக் கொஞ்சம் குனிந்தே நில். அப்படியே நின்று நின்று தோள் இறங்கிப்போய்விட்டது, அதுவும் அந்தச் சந்தை நெரிக்கிறதாம், டாக்டரம்மா அவன் உள்ளே வரும்போதே பார்த்துவிட்டுச் சொன்னாள். இரண்டாவது பாடம்தான் முக்கியம். இதை எடுங்கள் என்று ஒருநாளும் வாயால் சொல்லாதே. சொன்னால், நாளைக்கு மாமியார் குறை சொல்லும்போது கடைக்காரன்தான் தலையில் கட்டினான் என்று திருப்பிக்கொண்டு வருவார்கள். உனக்கு எது பிடித்திருக்கிறதோ அதைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தோளில் வைத்துக்கொண்டு நில், அவ்வளவுதான். அவர்களாக இதுதான் என்று சொல்கிற வரைக்கும் கையைக் கீழே போடாதே. எது நல்லாருக்கும்பா என்று அவர்களே கேட்டாலும் உங்க இஷ்டம்மா என்று சொல். தியாகேசனைப்போல் அந்த உங்க இஷ்டத்தைச் சொல்ல அந்தக் கடையில் ஆள் கிடையாது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நெஞ்சு எலும்பில் உர்ர் உர்ர் என்று. பார்க்க வேண்டியதே இல்லை, அரசிதான், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட அந்த வீட்டு மேடம் காரில் கிளம்பினதும் அவளுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும், அந்த நேரம் இது. வழக்கமாக இந்த நேரத்தில் இவன் போன் கடை லாக்கரில் பூட்டிக் கிடக்கும், எடுக்க மாட்டான் என்று தெரிந்தும் அடிக்கிறாள் என்றால் அவளுக்கு இன்றைக்குப் பதில் வேண்டும். "எடுக்கணுமா?" என்றாள் டாக்டரம்மா. வேண்டாங்க, அப்புறம் பேசிக்கலாம். அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அப்புறம் பேசி என்ன சொல்லப்போகிறான். போன வாரம் வெள்ளிக்கிழமை கேட்டாளே. என்னங்க, வந்துடவா, இல்ல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கவா. அதற்கு இவன் என்ன சொன்னான். உன் இஷ்டம் அரசி. அதற்கு முந்தின காகிதத்துக்கும் கேட்டாள், அன்றைக்கும் உன் இஷ்டம். முதல் தடவை ஏர்போர்ட் வாசலில், பெட்டியை வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நின்றாள். சொல்லுங்க என்றாள். என்ன சொல்ல, ஜாக்கிரதையா இரு என்றான். இல்ல, சொல்லுங்க என்றாள் மறுபடியும். பாஸ்போர்ட்டை உள்பையில் வை என்றான். அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றான், பார்க்கவில்லை. மடையன். போகாதே என்று சொல்வதற்குத்தான் அவள் அவ்வளவு நேரம் வாய்ப்புக் கொடுத்துக்கொண்டு நின்றாள், இவன் பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசியிருக்கிறான்.

தோளிலிருந்து கழுத்துக்கு ஒரு வலி ஏறியது, காதுக்குப் பின்னால் போய் நின்றது. மூடு. மூடவில்லை. இரண்டு விரல் மடங்க மாட்டேன் என்றது. தியாகேசனுக்கு வேர்த்தது. ஒருவேளை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பாளோ. உன் இஷ்டம் என்றால் இவன் மரியாதையாகச் சொல்கிறான், உன் வாழ்க்கை, உன் உழைப்பு, நான் யார் இழுத்துப் பிடிக்க என்று சொல்கிறான், பெண்டாட்டி சம்பாத்தியத்தில் கட்டின வீட்டில் உட்கார்ந்துகொண்டு வா, போ என்று அதிகாரம் பண்ணுவதற்கு வெட்கமாக இருக்கிறது என்று சொல்கிறான். அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும். பாலைவனத்துக்கு நடுவில், அடுத்தவர் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்திருக்கிறவளுக்கு, வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்றல்லவா கேட்டிருக்கும். வாயைத் திறந்து வா என்று ஒரு சொல், அதைச் சொல்லாமல், ஆசையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு வருஷமாக நின்றிருக்கிறான், அவளாகப் பார்த்து இதுதான் என்று சொல்வாள் என்று. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லலாம் உங்க இஷ்டம்மா. பெண்டாட்டி என்ன வாடிக்கையாளரா. சமைத்து வைத்ததைத் தனியாகச் சாப்பிட முடியாமல் தண்ணி ஊற்றி வைத்த ராத்திரிகள், அவள் பேசி வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் படுத்திருந்த ராத்திரிகள், அவள் அனுப்பின பார்சலில் சோப்பு வாசத்துக்கு நடுவில் அவள் வாசம் கொஞ்சமாவது ஒட்டியிருக்கிறதா என்று துணியை மோந்து பார்த்தது, இதில் ஒன்றையாவது அவளிடம் சொன்னானா. கண் கலங்கிவிட்டது. வலியால் என்று டாக்டரம்மா நினைத்துக்கொள்ளட்டும்.

டாக்டரம்மா எழுந்து பக்கத்தில் வந்து, தூக்கிய இடது கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். இங்கே அங்கே விரலை மாற்றி வைத்துப் பார்த்தாள். "ஐஸ் மாதிரி இருக்கு கை. நாடியே கிடைக்கல. போதும், இறக்குங்க தியாகேசன்" என்றாள். நேரம் முடிஞ்சிடுச்சாங்க என்று கேட்டான். "முடியல. நீங்க ஏன் இவ்வளவு நேரம் தூக்கி வச்சிருக்கீங்கன்னுதான் எனக்குப் புரியல." இன்னும் கொஞ்சம் நிக்கறேங்க மேடம் என்று அவன் சொல்ல வாயெடுத்தபோது போன் மறுபடி அதிர்ந்தது. இரண்டாவது தடவை அரசி அடித்ததே இல்லை. எடுக்காவிட்டால் விட்டுவிடுவாள், அவள் குணம் அது. தியாகேசன் இரண்டு கையையும் கீழே போட்டான். இடது கை தானாகப் பையைத் தேடிப் போய்ப் போனை எடுத்தது, பிடிக்க முடியாமல் மேஜை மேல் நழுவவிட்டது, வலது கையால் பொறுக்கிக் காதில் வைத்தான்.

"என்னங்க, எடுத்துட்டீங்க? கடைக்குப் போகலியா?" என்றாள் அரசி. ஆஸ்பத்திரியில இருக்கேன் என்றான். "பயப்படாத. இடது கை. ஒரு எலும்பு கூடுதலா இருக்காம், நரம்ப நெரிக்குது. இனிமே மேல தூக்குற வேலை பாக்க முடியாது போலிருக்கு. பட்டு செக்‌ஷன் போயிடும்." சொல்லக் கூடாது என்று இத்தனை நேரம் எதைத் தூக்கி வைத்திருந்தானோ அதை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டான். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அரசி, அவன் பயந்த அதே குரலில், மெதுவாக, "சரிங்க, அப்ப நான் கையெழுத்துப் போட்டுடறேன். ரெண்டு வருஷம்தானே, நீங்க கையப் பாருங்க" என்றாள்.

"போடாத" என்றான் தியாகேசன். தன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "போடாத அரசி. துண்டு வித்தாவது பொழைச்சுக்கலாம். அது இல்லாட்டி வேற எதாவது. எனக்குத் தனியா இருக்க முடியல. ஆறு வருஷமா முடியல. உன் இஷ்டமெல்லாம் இல்ல, எனக்கு நீ வேணும். வந்துடு." டாக்டர் இருக்கிற அறை, அடுத்தவர் காது, எதுவும் அவனுக்கு உறைக்கவில்லை. போனுக்குள் அரசி அழுகிறாள் என்று தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், நிறைய நேரம். மரத்த கைக்குள் ரத்தம் திரும்பி ஓட ஆரம்பித்து ஆயிரம் ஊசியாகக் குத்தியது, அவன் அதைத் தொடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே காத்திருந்தான். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வந்தா, நம்ம வீட்டுச் சாவிய எங்க வப்பீங்கன்னுகூட எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

"வாசல்ல, கரண்ட் மீட்டர் பெட்டிக்கு மேல" என்றான். "உனக்கு எட்டாது. இனிமே எனக்கும் எட்டாது. கீழ மாத்தி வச்சுடறேன், நீ வா."